தண்ணீர் கலந்ததால் பிறந்த போதைச் சொல்

தூக்கக் கலக்கத்தில் தடுமாறுபவரை ஆங்கிலத்தில் 'க்ராகி' என்பார்கள். ஆரம்பத்தில் இது குடிபோதையைக் குறித்த சொல்.

1740-ல் பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்குத் தினமும் அரை பைன்ட் ரம் கிடைத்தது. ஒரே மூச்சில் குடித்துவிடுவார்கள். பாய்மரத்தில் ஏறி வேலை செய்பவனுக்கு அது உயிருக்கே ஆபத்து. மேற்கிந்தியத் தீவுகளில் இருந்த அட்மிரல் எட்வர்ட் வெர்னான் ஆகஸ்ட் 21 அன்று உத்தரவு போட்டார்: ஒரு பங்கு ரம்முக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து, இரண்டு வேளையாகத் தரவேண்டும்.

'க்ராக்ரம்' என்ற முரட்டுத் துணியில் அங்கி அணிந்ததால் வெர்னானுக்கு 'ஓல்டு க்ராக்' என்று பட்டப்பெயர். தண்ணீர் கலந்த ரம்மும் 'க்ராக்' ஆனது. அதைக் குடித்துத் தள்ளாடியவன் 'க்ராகி'. பிறகு அடிவாங்கித் தடுமாறும் குத்துச்சண்டை வீரருக்கும் அந்தச் சொல் போனது.

1970 ஜூலை 31-உடன் கடற்படையில் தினசரி ரம் நின்றது. போதையைக் குறைக்க நினைத்தவரின் பட்டப்பெயர் மட்டும் தள்ளாட்டத்துக்குப் பெயராக நிலைத்துவிட்டது!