'லெஃப்ட்' என்றால் இடது மட்டுமா?

ஆங்கிலக் குறுக்கெழுத்துப் போட்டியில் 'லெஃப்ட்' என்ற குறிப்புக்கு 4 கட்டங்கள் இருந்தால் அவசரப்பட வேண்டாம். சென்றார் என்னும் 'வென்ட்', விலகினார் என்னும் 'குவிட்', கப்பலின் இடப்பக்கமான 'போர்ட்' மூன்றும் பொருந்தும். மூன்றுமே 'டி' எழுத்தில் முடிவதால் கடைசிக் கட்டம் கைகொடுக்காது. முதல் மூன்று கட்டங்களில் ஒன்றாவது தெரியும்வரை பேனாவைத் தொடாமல் பென்சிலில் எழுதுவதே நல்லது.

குறிப்பு எந்தக் காலமோ விடையும் அதே காலம். 'லீவ்' என்றால் 'டிபார்ட்'. 'லெஃப்ட்' என்றால் 'டிபார்ட்டட்'. 'குவிட்' மட்டும் பெரும்பாலும் இரண்டு காலத்துக்கும் மாறாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

'மூவ்' என்பதற்கு 5 கட்டமானால் 'ஷிஃப்ட்' போட்டுப் பார்க்கலாம். வீடு மாறுவதை மலேசியாவில் 'ஷிஃப்ட்' என்பார்கள். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அதுவும் 'மூவ்'தான்.