மாமாவின் கண்ணும் மதுரை மெஷினும்

எங்க மாமா நாமக்கல்லில் முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். ராத்திரியில் எதிரே வர்ற வண்டியின் லைட்டை வைத்தே அது என்ன வண்டி என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது, "ஏங் கண்ணு, இந்தக் காலண்டர்ல கறுப்பா நூலாட்டம் ஏதோ தொங்குதே?" என்றார். காலண்டரில் ஒன்றும் இல்லை. நூல் அவர் கண்ணுக்குள்ளே இருந்தது.

பன்னிரண்டு வருஷமாக சுகர். மாத்திரை போடுவதோடு சரி, கண்ணைக் காட்டியதே இல்லை. சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா லேசர்லயே கட்டுப்படுத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். "நல்லாத்தானுங்க தெரிஞ்சுது, வலிக்கக்கூட இல்லியே" என்றார் மாமா. இந்த வியாதியின் சூழ்ச்சியே அதுதான். விழித்திரையின் மெல்லிய ரத்தக்குழாய்கள் கசியும், அடைபடும், வலிக்காது. பார்வை மங்கும்போது பாதி சேதம் ஆகியிருக்கும். முன்கூட்டியே தெரிய ஒரே வழி, யாராவது உள்ளே எட்டிப் பார்ப்பது.

அப்படி எட்டிப் பார்க்க வழி செய்தவர் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ். 1851-ல் விழித்திரையைப் பார்க்கும் கருவியை வெளியிட்டார். பிறகு அதைப் போட்டோ எடுக்கும் கேமராவும் வந்தது. ஆனால் போட்டோவைப் பார்த்துச் சொல்ல டாக்டர் வேண்டுமே! ஊர் ஊராக சுகர் நோயாளிகள், கண் டாக்டரோ டவுனில். இந்த இடைவெளியில்தான் பலரது பார்வை போயிற்று, எங்க மாமா மாதிரி.

இப்போது மதுரைக்குப் போவோம். 1976-ல் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 58 வயதில், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர், அந்த விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகியவர். 2006-ல் மறைந்தார். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து கண் பரிசோதனையின் பெரும்பகுதியை அவர்களிடம் ஒப்படைத்தது அவர் காட்டிய வழி. பிறகு சின்ன ஊர்களில் பார்வை மையங்கள் வந்தன. அங்கே பரிசோதனை நடக்கும், டாக்டர் தூரத்திலிருந்து பார்ப்பார். இப்படித்தான் போட்டோக்கள் குவிந்தன.

அந்தக் குவியலின் அருமை 2016-ல் தெரிந்தது. கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 1,28,175 விழித்திரைப் படங்களை ஒரு கம்ப்யூட்டர் நிரலுக்குக் கொடுத்தார்கள். படங்கள் அமெரிக்காவிலிருந்தும், அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயாவிலிருந்தும் வந்தவை. 54 கண் மருத்துவர்கள் மார்க் போட்டார்கள், ஒவ்வொரு படத்துக்கும் மூன்று முதல் ஏழு பேர். ஏன் அத்தனை பேர்? ஒரே படத்தை இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்வது சகஜமாம்! "சிவப்புப் புள்ளி இருந்தால் நோய்" என்று யாரும் அதற்கு விதி எழுதித் தரவில்லை. ஊகித்து, தப்பு செய்து, திருத்தித் திருத்தித் தானே கற்றது. ஒரு சோதனையில், கவனிக்க வேண்டிய அளவு நோய் இருந்தவர்களில் 97.5 சதவீதம் பேரைப் பிடித்துவிட்டது.

ஆக, அமெரிக்க மெஷின் நமக்கு வந்து கற்றுத் தரவில்லைங்க. நம்ம ஊர்ப் பாட்டிமார், தாத்தாமார் கண்ணைப் பார்த்தும்தான் அது பாடம் படித்தது.

2019-ல் அந்த நிரல் மதுரையிலேயே நிஜ நோயாளிகளிடம் பயன்பாட்டுக்கு வந்தது. 2024-க்குள் பல நாடுகளில் 6 லட்சம் பரிசோதனைகளுக்கு உதவியதாக கூகுள் அறிவித்தது. அதே வருஷம், இப்படி கற்கும் கணினிகளுக்கு அடித்தளம் போட்ட ஹிண்டன், ஹாப்ஃபீல்ட் இருவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது.

ஆனால் தம்பட்டம் அடிக்கும் முன் தாய்லாந்து கதையும் கேளுங்க. அங்கே கிளினிக்குகளில் அதே நிரலை வைத்துப் பார்த்தபோது, ஐந்தில் ஒரு படத்துக்கு மேல் 'தெளிவில்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டது. காரணம், கிளினிக் அறையில் போதிய இருட்டு இல்லை. நோயாளி இன்னொரு நாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டி வந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் ஜெயித்தது தாழ்வாரத்தில் திணறியது. அதனால்தான் கேமராவைப் பிடிக்கும் கையும், "இன்னொரு தடவை பாருங்க தாத்தா" என்று பொறுமையாகச் சொல்லும் குரலும் மெஷினைவிட முக்கியம்.

மாமாவுக்கு இடது கண் மங்கல்தான். வலது கண்ணை லேசர் காப்பாற்றியிருக்கிறது. லாரி ஓட்டுவது இல்லை. எந்த மெஷினும் அவரைத் தேடி வீட்டுக்கு வந்திருக்காது. அவர்தான் அதன் முன்னால் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

உங்க வீட்டில் சுகர் இருப்பவர் யாராவது உண்டா? வருஷத்துக்கு ஒரு தரம் விழித்திரையைக் காட்டிவிடுங்கள். நல்லாத்தானே தெரியுது என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்க மாமாவும் அதைத்தான் சொன்னார்.