பொறிமாற்றம் செய்த தானுந்துகளில் கைமுறை கியர் பெட்டி

பொறிமாற்றம் என்பது ஒரு தானுந்தில் தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட பொறியை நீக்கிவிட்டு, வேறொரு மாதிரியின் பொறியைப் பொருத்துவதாகும். ஸ்போர்ட்ஸ் கார்களில் இது பெரும்பாலும் ஆற்றலைக் கூட்டுவதற்காகச் செய்யப்படுகிறது. புதிய பொறியுடன் எந்தக் கைமுறை கியர் பெட்டியை இணைப்பது என்பது இப்பணியின் முதன்மையான முடிவுகளுள் ஒன்று. பொறியின் முறுக்குவிசையைத் தாங்கும் திறன் முதல் தகுதி மட்டுமே. பின் அச்சின் விகிதம், வண்டியினுள் உள்ள இடம், கியர் நெம்புகோலின் நிலை ஆகியவையும் பொருந்தாவிடில் வலிமையான பெட்டியும் பயன் தராது.

மூன்றாம் தலைமுறை மாஸ்டா ஆர்எக்ஸ்-7 (1992-2002) வண்டியில் செவ்ரோலெட் எல்எஸ்1 பொறியைப் பொருத்துவது அமெரிக்காவில் பரவலாக அறியப்பட்ட பொறிமாற்றமாகும். இக்கட்டுரை அதனை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

== முறுக்குவிசை ==

ஆர்எக்ஸ்-7 வண்டியின் சுழல் பொறி ஏறத்தாழ 294 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தந்தது. 1997-இல் கோர்வெட் வண்டியில் அறிமுகமான 5.7 லிட்டர் எல்எஸ்1 பொறி ஏறத்தாழ 475 நியூட்டன் மீட்டர் தருகிறது. எனவே மாஸ்டாவின் ஐந்து வேகப் பெட்டி பொதுவாகக் கைவிடப்படுகிறது.

ஃபோர்ட் மஸ்டாங்கில் பயன்பட்ட போர்க்-வார்னர் டி5 பெட்டி இலேசானது, சிறியது. ஆனால் 1990-93 மஸ்டாங் வகையின் தாங்குதிறன் ஏறத்தாழ 407 நியூட்டன் மீட்டர் மட்டுமே. 1992-இல் டாட்ஜ் வைப்பர் வண்டியுடன் அறிமுகமான டி56 ஆறு வேகப் பெட்டி இதனினும் வலிமையானது. 1998-2002 கமாரோ வண்டிகளில் இது எல்எஸ்1 பொறியுடனேயே விற்கப்பட்டது.

தாங்குதிறன் என்பது மாறாத எல்லைக்கோடு அன்று. சுமை ஏறும்போது இணைந்த பற்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. அதனால் தண்டுகளும் கூடும் சிறிதளவு வளைகின்றன. பற்களின் ஓரத்தில் சுமை குவிந்து அவை உடைகின்றன. முறுக்குவிசை பெருகும் கீழ்க் கியர்களில் இவ்விளைவு மிகுதி. வண்டி கனமாகவும் டயரின் பிடிப்பு வலுவாகவும் இருந்தால் பெட்டியின் மீது விழும் அதிர்ச்சி கூடும். இலேசான வண்டியில் டயர் முன்னதாகவே வழுக்கிவிடுவதால் பெட்டி ஓரளவு காக்கப்படுகிறது. அதே பெட்டி இழுவைப் பந்தய டயர்களுடன் விரைவில் பழுதாகலாம்.

== கியர் விகிதம் ==

பெட்டியின் விகிதத்தைத் தனியாகப் பார்க்கலாகாது. அதனைப் பின் அச்சின் விகிதத்தால் பெருக்கிய தொகையே சக்கரத்தை அடைகிறது. ஆர்எக்ஸ்-7 வண்டியின் பின் அச்சு விகிதம் 4.10, மாஸ்டா பெட்டியின் முதல் கியர் 3.483. கமாரோவின் டி56 பெட்டியில் முதல் கியர் 2.66, ஆறாம் கியர் 0.50. டயரின் சுற்றளவு 2 மீட்டர் எனக் கொண்டால் கிடைக்கும் அளவுகள்:

* மாஸ்டா பெட்டி, 4.10 அச்சு: முதல் கியரில் நிமிடத்திற்கு 6,000 சுழற்சியில் மணிக்கு ஏறத்தாழ 50 கி.மீ.
* டி56, 4.10 அச்சு: அதே சுழற்சியில் 66 கி.மீ.
* டி56, 3.42 அச்சு: அதே சுழற்சியில் 79 கி.மீ.

4.10 அச்சுடன் ஆறாம் கியரில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பொறி நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,700 முறை சுழலும். தாழ்ந்த சுழற்சியிலேயே முறுக்குவிசை தரும் எட்டு உருளைப் பொறிக்கு இது போதுமானது. உயர்ந்த சுழற்சியில் மட்டுமே ஆற்றல் தரும் சிறிய பொறிக்கு இவ்விகிதங்கள் பொருந்தா.

== இடமும் பொருத்தமும் ==

ஆர்எக்ஸ்-7 வண்டியில் கியர் பெட்டியையும் டிஃபெரென்ஷியலையும் ஒரு நீண்ட சட்டம் இணைக்கிறது. டிஃபெரென்ஷியல் முறுகித் திரும்பாமல் தடுப்பது இச்சட்டமே. டி56 பெட்டியில் இதற்கான இணைப்பிடம் இல்லை. எனவே டிஃபெரென்ஷியலுக்குத் தனித் தாங்கியும், புதிய நீளத்தில் புரொப்பெல்லர் தண்டும் தேவை. தண்டின் இரு முனை மூட்டுகளின் கோணங்கள் சமமாக இல்லாவிடில் வேகத்தில் அதிர்வு தோன்றும்.

ஒரே பெயருடைய பெட்டிகள் அனைத்தும் ஒன்றல்ல. கோர்வெட் டி56 வண்டியின் பின்புறத்தில் டிஃபெரென்ஷியலுடன் இணைந்தது. முன்புறப் பொறியுடன் நேரடியாகப் பொருந்தாது. 1993-97 கமாரோவின் டி56 எல்டி1 பொறிக்கானது. அதன் உள்தண்டும் பெல் ஹவுசிங்கும் கிளட்ச் விடுவிக்கும் முறையும் வேறு.

== பொருத்துதல் ==

பெல் ஹவுசிங்கின் மையம் கிராங்க் தண்டின் மையத்துடன் பொருந்த வேண்டும். டயல் அளவியில் காட்டும் விலகல் பொதுவாக 0.13 மில்லிமீட்டருக்குள் இருத்தல் வேண்டும். மிகுந்தால் உள்தண்டின் தாங்கிகள் தேயும். கியர் தானே நழுவவும் கூடும். டி56 பெட்டிக்குத் தானியங்கிப் பெட்டிகளுக்கான எண்ணெயே உரியது. தடித்த கியர் எண்ணெய் ஊற்றினால் கியர் மாற்றுவது கடினமாகும்.

கமாரோ பெட்டியின் வேக உணரி பொறிக் கட்டுப்பாட்டுக் கணினிக்குத் தேவை. பின்செல் கியரைப் பூட்டி வைக்கும் மின்காந்தத்திற்கும் இணைப்பு தர வேண்டும். இல்லையெனில் நெம்புகோலை மிகுந்த விசையுடன் தள்ள நேரும். முதல் கியரிலிருந்து நான்காம் கியருக்குத் தாவச் செய்யும் மின்காந்தத்தை இணைக்காமல் விடலாம்.

== இவற்றையும் பார்க்க ==

* கிளட்ச்
* டிஃபெரென்ஷியல்
* முறுக்குவிசை
* வாங்கெல் பொறி