வாரம் ஒரு நாள் விலக்கு: எடைக் குறைப்பில் திட்டமிட்ட தளர்வின் இடமும் எல்லையும்

எடையைக் குறைக்க முயல்பவர் ஆறு நாள் கட்டுப்பாட்டோடு உண்டு, ஏழாம் நாள் விரும்பியதை உண்ணலாமா? உடற்பயிற்சிக் கூடங்களில் 'சீட் டே' என்ற பெயரில் வழங்கும் இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு நியாயங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று உடலியல் சார்ந்தது: தொடர்ந்து குறைவாக உண்டால் உடலின் எரிப்பு மந்தமாகிவிடும், ஒரு நாள் நிறைய உண்டால் அது மீண்டும் வேகமெடுக்கும். மற்றது மனம் சார்ந்தது: இடையில் ஓர் இளைப்பாறல் இருந்தால்தான் நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியும். முதல் நியாயத்துக்கு ஆதாரம் மிகக் குறைவு. இரண்டாவதற்கு ஓரளவு உண்டு. ஆனால் அந்த ஆதாரம் தாங்குவது முன்கூட்டியே குறித்துவைத்த ஒரு வேளையை. வரம்பில்லாத ஒரு நாளை அது தாங்காது. இக்கட்டுரை நிறுவ முனைவது இதைத்தான்.

உடலியல் வாதம் முழுவதும் கற்பனை என்று சொல்ல முடியாது. எடை குறையும்போது உடல் செலவிடும் ஆற்றலும் குறைகிறது. குறைந்த எடைக்கு எதிர்பார்க்கத்தக்க அளவைவிடக் கூடுதலாகவே அது குறைகிறது என்பதை லைபல், ரோசன்பாம், ஹிர்ஷ் ஆகியோர் 1995இல் காட்டினர். கொழுப்புத் திசுவிலிருந்து சுரந்து, உடலின் சேமிப்பு நிலையை மூளைக்குத் தெரிவிக்கும் லெப்டின் 1994இல் கண்டறியப்பட்டது. குறைவாக உண்ணும்போது லெப்டின் சரிகிறது, பசி கூடுகிறது. அப்படியானால் ஒரு நாள் விருந்து லெப்டினை உயர்த்தி எரிப்பையும் தூண்டாதா என்ற கேள்வி இயல்பானதே.

இதற்கு ஆதாரமாகப் பெரும்பாலும் காட்டப்படுவது, டிர்லவாங்கரும் சக ஆய்வாளர்களும் சுவிட்சர்லாந்தில் நடத்தி 2000இல் வெளியிட்ட சோதனை. ஆரோக்கியமான பத்துப் பெண்களுக்கு மூன்று நாள், தேவைக்கு மேல் 40 சதவீதம் கூடுதலாக மாவுச்சத்து தரப்பட்டது. லெப்டின் 28 சதவீதமும், நாள் முழுதுக்குமான ஆற்றல் செலவு 7 சதவீதமும் உயர்ந்தன. அதே அளவு கூடுதலைக் கொழுப்பாகத் தந்தபோது குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. எண்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒருவரின் தேவை 2000 கலோரி என்றால் 40 சதவீதக் கூடுதல் 800 கலோரி. கூடுதலாக எரிந்தது 140 கலோரி. மீதி 660 உடலிலேயே தங்குகிறது. ஆக, எரிப்பு கூடியது உண்மை. அந்தக் கூடுதலைப் பெறச் செலுத்திய விலை அதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். தவிர, அப்பெண்கள் எடைக் குறைப்பில் இருந்தவர்கள் அல்லர். உண்டது ஒரு நாளும் அல்ல, மூன்று நாள். எண்ணெயும் நெய்யும் மிகுந்த நம் விருந்துச் சாப்பாட்டுக்கு இந்த முடிவைப் பொருத்துவது அதைவிடக் கடினம்.

சீட் டே ஆதரவாளர்கள் அடுத்து எடுத்துவரும் சான்று, ஆஸ்திரேலியாவின் நுவாலா பைரன் குழுவினர் நடத்திய 'மடடோர்' ஆய்வு. இணையத்தில் முதலில் 2017இல் வெளிவந்த அந்த ஆய்வில் உடற்பருமன் உள்ள 51 ஆண்கள் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் தொடர்ந்து 16 வாரம் குறைவாக உண்டனர். மறு பிரிவினர் இரண்டு வாரம் குறைவாகவும் அடுத்த இரண்டு வாரம் எடை மாறாத அளவிலும் மாறி மாறி உண்டு, அதே 16 வாரக் கட்டுப்பாட்டை 30 வாரத்தில் முடித்தனர். நெறிமுறை வழுவாமல் முடித்தவர்களிடையே தொடர்ந்து குறைத்தவர்கள் சராசரியாக 9.1 கிலோவும், இடைவிட்டுக் குறைத்தவர்கள் 14.1 கிலோவும் இழந்தனர். ஊக்கமூட்டும் முடிவு, ஐயமில்லை. ஆனால் அந்த இடைவெளியில் நடந்தது என்ன? உடல் செலவிடும் அளவுக்குச் சமமாக, கணக்கிட்ட உணவு. அளவின்றி உண்ணும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இந்த ஆய்வைச் சான்றாகக் காட்டுவது, இடைவெளி என்ற ஒற்றைப் பெயரைக் கொண்டு இரு வேறு பொருள்களை ஒன்றாக்குவதாகும். இந்த ஆய்வு தளர்வை ஆதரிக்கிறது; மிகையை ஆதரிக்கவில்லை.

கணக்கையும் ஒருமுறை போட்டுவிட வேண்டும், ஏனெனில் வாரக் கணக்கு பலருக்கும் கண்ணில் படுவதே இல்லை. தேவை 2000 கலோரி உள்ள ஒருவர் தினமும் 1500 உண்டால் வாரத்தில் 3500 கலோரி பற்றாக்குறை. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7700 கலோரி என்ற வழக்கமான மதிப்பீட்டின்படி இது வாரம் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 12 வாரத்தில் ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ. இப்போது அவர் ஞாயிறன்று மட்டும் 4000 கலோரி உண்கிறார் எனக் கொள்வோம். காலையில் இட்லியும் கறிக்குழம்பும், மதியம் பிரியாணியும் சிக்கன் 65உம் ஐஸ்கிரீமும், மாலையில் பஜ்ஜி, இரவு பரோட்டாவும் சால்னாவும் என்றால் அந்த எண்ணை எட்டுவது அரிதல்ல. ஆறு நாளில் சேர்த்த 3000 பற்றாக்குறையில் 2000 கரைந்து 1000 மிஞ்சுகிறது. 12 வாரத்தில் ஒன்றரைக் கிலோ அளவுக்குத்தான் குறையும். ஆறு நாள் பசித்திருந்ததன் பலனில் பெரும்பகுதியை ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது. மாறாக, அந்த மதிய பிரியாணி ஒன்றை மட்டும் கூடுதல் 600 கலோரியாக ஏற்று, மற்ற வேளைகளை வழக்கம்போல் வைத்துக்கொண்டால் வாரப் பற்றாக்குறை 2900. 12 வாரத்தில் நான்கரைக் கிலோ. எடை குறையக் குறையத் தேவையும் குறையும் என்பதால் உண்மையில் மூன்று எண்களுமே இதைவிடச் சற்றுச் சிறியவையாக இருக்கும். அவற்றின் வரிசை மட்டும் மாறாது.

இந்தக் கணக்கு தாளோடு நிற்பதில்லை. ரேசட் குழுவினர் 50 முதல் 60 வயதுக்குட்பட்ட 48 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், உணவைக் குறைத்தவர்களுக்கு வார நாட்களில் இறங்கிய எடை வார இறுதியில் இறங்காமல் நின்றது.

இனி மனம் சார்ந்த வாதம். இங்கேதான் சான்றுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. நிதானமாகப் பார்க்க வேண்டிய இடமும் இதுவே. ஹெர்மன், மாக் இருவரும் 1975இல் வெளியிட்ட சோதனையில் கல்லூரி மாணவியருக்கு முதலில் மில்க் ஷேக் தந்தனர். சிலருக்கு அதுவும் தரவில்லை. பிறகு வேண்டிய அளவு ஐஸ்கிரீம் உண்ணவிட்டனர். உணவில் கட்டுப்பாடு இல்லாதவர்கள் மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டனர். கட்டுப்பாட்டோடு வாழ்ந்தவர்களோ மில்க் ஷேக் குடித்த பிறகு அதிகம் உண்டனர். 'இன்றைக்குத்தான் கெட்டுப்போயிற்றே, இனி என்ன' என்ற மனநிலை அது. உண்மையில் எத்தனை கலோரி உண்டோம் என்பதைவிட, அதிகம் உண்டுவிட்டோம் என்ற எண்ணமே இதைத் தூண்டுகிறது என்பதை அடுத்த ஆண்டே பாலிவி காட்டினார். வரம்பில்லாத நாளின் ஆபத்து இதில் வெளிப்படுகிறது. காலையிலேயே நாள் 'கெட்டுப்போனது' என அறிவித்துவிட்டால் இரவு வரை நிறுத்துவதற்குக் காரணம் எதுவும் மிஞ்சாது.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் கண்டது வீட்டிலும் நடக்கிறதா? டொமியாமா குழுவினர் 2009இல், உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் அன்றாட வாழ்வில் என்னென்ன உண்டார்கள் என்பதை அவ்வப்போதே பதிவுசெய்யச் சொல்லிப் பார்த்தனர். கட்டுப்பாட்டை மீறிய பிறகு அவர்கள் அணை உடைந்தாற்போல் உண்ணவில்லை. விங், ஜெஃப்ரி இருவரின் 2003ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் வியப்பானது. கட்டுப்பாட்டை இடையில் நிறுத்தச் சொன்னால் மக்கள் பழைய நிலைக்கே சரிந்துவிடுவார்கள் என எதிர்பார்த்து, அந்தச் சரிவை ஆராயவே அவர்கள் 142 பேரைச் சேர்த்தனர். ஒரு பிரிவுக்கு ஆறு வார நிறுத்தம், இன்னொன்றுக்கு மூன்று முறை இரண்டு வார நிறுத்தம், மூன்றாவதற்கு நிறுத்தமே இல்லை. எதிர்பார்த்த சரிவு வரவில்லை. இறுதியில் மூன்று பிரிவினரின் எடைக் குறைப்பிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

ஹெர்மன், மாக் கண்டதையும் விங், ஜெஃப்ரி கண்டதையும் எப்படி இணைத்துப் புரிந்துகொள்வது? முன்னதில் கட்டுப்பாடு எதிர்பாராமல் உடைந்தது. பின்னதில் ஆய்வாளரே நிறுத்தச் சொன்னார். தொடங்கும் நாளும் முடியும் நாளும் தெரிந்திருந்தன. திரும்பி வருவதற்கு ஓர் இடம் இருந்தது. திட்டத்துக்கு உட்பட்ட விலகல் திட்டத்தின் தோல்வியாக உணரப்படுவதில்லை. கொயல்யு டோ வாலே, பீட்டர்ஸ், ஜீலன்பெர்க் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வுகளும் இத்திசையையே காட்டுகின்றன. அவர்கள் ஒப்பிட்ட வடிவத்தைக் கவனிக்க வேண்டும்: ஒருபுறம் தினமும் 1500 கலோரி, மறுபுறம் ஆறு நாள் 1300, ஏழாம் நாள் 2700. வாரக் கூட்டுத்தொகை இரண்டிலும் 10,500தான். இரண்டாம் வடிவில் தன்னடக்கத்தைத் தக்கவைக்கும் ஊக்கம் மேம்பட்டது. ஏழாம் நாளின் 2700ஐ அவர்கள் இலவசமாகத் தரவில்லை. ஆறு நாளிலிருந்து 200, 200 ஆக எடுத்து முன்பணம் கட்டியிருந்தார்கள். வெகுமக்கள் பேச்சில் இந்த ஆய்வு புழங்கும்போது முன்பணம் மட்டும் விடுபட்டுவிடுகிறது.

விலக்கே கூடாது என்னும் எதிர்த்தரப்பின் வலுவான சான்று அமெரிக்காவின் தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டிலிருந்து வருகிறது. குறைந்தது 13.6 கிலோ குறைத்து, அதை ஓராண்டேனும் காத்தவர்களைச் சேர்ப்பதற்கென 1994இல் தொடங்கப்பட்டது அது. அதில் 1429 பேரை ஆராய்ந்த கோரின் குழுவினர் 2004இல் சொன்னது: வாரம் முழுவதும் ஒரே சீராக உண்டவர்களுக்கு, வார நாட்களில் மட்டும் கண்டிப்பாக இருந்தவர்களைவிட அடுத்த ஆண்டிலும் எடையைக் காப்பதற்கான வாய்ப்பு ஒன்றரை மடங்கு. இதை ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் இது அவதானிப்பு ஆய்வு. சீராக உண்டதால் எடை நின்றதா, எளிதில் எடை நிற்கும் இயல்புடையவர்கள் சீராக உண்டார்களா என்பதை இதைக் கொண்டு பிரிக்க இயலாது. அதோடு, அவர்கள் ஏற்கெனவே வென்றவர்கள். தொடக்கத்தில் தடுமாறுபவருக்கு எது உதவும் என்ற கேள்விக்கு அவர்களுடைய வாழ்க்கை நேரடி விடையாகாது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: விலக்கு எவ்வளவு சிறியதோ, நீண்ட காலத்துக்கு அவ்வளவு நல்லது.

தமிழகத்தில் இக்கேள்வி இன்னொரு வடிவமும் எடுக்கிறது. மேலைநாட்டு ஆய்வுகள் தனி மனிதரின் தெரிவைப் பேசுகின்றன. இங்கே ஞாயிற்றுக்கிழமை கறி வீட்டுக்கே உரியது. அதைச் சமைப்பவரே பல வீடுகளில் எடை குறைக்க முயலும் பெண்ணாகவும் இருக்கிறார். கல்யாணப் பந்தியில் இலைமுன் அமர்ந்துவிட்டு வேண்டாம் என்பது உறவைப் புண்படுத்தும். ஆடியும் மார்கழியும் தவிர்த்த மாதங்களில் முகூர்த்தங்கள் நெருங்கி வரும். நமக்கு விலக்கு நாளை நிர்ணயிப்பது பெரும்பாலும் பஞ்சாங்கம்தான். இது இடையூறு மட்டுமே என்று நான் கருதவில்லை, ஏனெனில் தேதி முன்பே தெரிந்திருப்பது திட்டமிடலுக்கு உதவும். விரதத்தை முடிக்கும் வேளையையும் உணவையும்கூட வரையறுத்துவைத்த மரபு நம்முடையது. ஏகாதசி உபவாசத்துக்குப் பிறகு துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் இடம்பெறுவது வழக்கம். இதற்கு மாறான போக்கும் உண்டு. புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறன்று இறைச்சிக் கடைகளில் நிற்கும் வரிசை, ஒரு மாத அடக்கம் ஒரே நாளில் ஈடுகட்டப்படுவதைக் காட்டுகிறது. புரட்டாசியிலும் பல வீடுகளில் குறைவது இறைச்சிதான். சோறும் வடையும் பாயசமும் குறைவதில்லை என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் இக்கேள்வியின் அவசரமும் பெரிது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்–இந்தியாப் ஆய்வு, 2023இல் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாகவும், 28.6 சதவீதத்தினருக்கு உடற்பருமன், 39.5 சதவீதத்தினருக்கு வயிற்றுப் பருமன் இருப்பதாகவும் மதிப்பிட்டது. ஆக, இங்கே எடை குறைக்க முயல்பவர்களில் பலர் ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள். சீட் டே அவர்களுக்கு அழகுப் பிரச்சினையன்று. மதிய விருந்துக்காகக் காலை உணவைத் தவிர்த்துவிட்டு, வழக்கம்போல் கிளிமிபிரைடு மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம்; விருந்துக்குப் பின் அதுவே எகிறும். இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விலக்கு நாள் வைத்துக்கொள்ளவே கூடாது.

இன்னொரு பிரிவினருக்கும் இது கூடாது. கட்டுமீறி உண்ணும் கோளாறு 2013இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் தனி நோயாக இடம்பெற்றது. குறுகிய நேரத்தில் மிக அதிகமாக உண்பது, நிறுத்த முடியாத உணர்வு, பின்னர் வரும் வேதனை ஆகியவை சராசரியாக வாரம் ஒருமுறை, மூன்று மாதம் நீடித்தால் அது நோய். வாரம் ஒருமுறை என்பது சீட் டே வரும் இடைவெளியும்கூட. வேதனையும் கட்டிழப்பும் இல்லாதவருக்கு இது பொருந்தாது. அவை உள்ளவருக்கோ, 'இன்று என்ன வேண்டுமானாலும் உண்ணலாம்' என்ற அனுமதி நோய்க்குப் போர்வையாகிவிடும். பதின்ம வயதினருக்கு இந்த ஏற்பாட்டைப் பரிந்துரைக்கும் பயிற்சியாளர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

எஞ்சியவர்களுக்கு என் தீர்ப்பு இது: வாரத்தில் ஒரு வேளை விலக்கு வைக்கலாம். அது எந்த வேளை என்பதை முன்பே குறிக்க வேண்டும். கூடும் கலோரியை வாரக் கணக்கில் எழுத வேண்டும். அடுத்த வேளையே வழக்கத்துக்குத் திரும்ப வேண்டும். மறுநாள் காலை எடைக் கருவி ஒரு கிலோ கூட்டிக் காட்டினால் பதற வேண்டாம். தசையிலும் ஈரலிலும் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் சுமார் மூன்று கிராம் நீர் தங்கும். விருந்தின் உப்பும் நீரைப் பிடித்துவைக்கும். அந்த ஏற்றம் பெரும்பாலும் நீர்தான். அதைக் கொழுப்பென்று எண்ணி மறுநாள் பட்டினி கிடப்பது இந்த ஏற்பாட்டையே குலைத்துவிடும். ஒரு நாளின் எடையை விட்டுவிட்டு வாரச் சராசரியைப் பார்க்க வேண்டும்.

உணவியல் ஆலோசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நோயாளியின் கையில் அச்சிட்ட உணவுப் பட்டியலைத் தருமுன், அடுத்த மூன்று மாதத்தில் அவர் வீட்டில் வரும் கல்யாணங்கள், பண்டிகைகள், விரதங்கள் எவை என்று கேளுங்கள். அவற்றின் தேதிகளையும் அந்தப் பட்டியலிலேயே எழுதிக் கொடுங்கள்.