வேண்டாத ஜவ்வு

சிறுவாச்சூர் பக்கம் கபடி ஆடி முழங்காலைத் திருகிக்கொண்டவரைக் கேட்டால், "ஜவ்வு போயிருச்சு" என்பார். எலும்புகளை இழுத்துக் கட்டும் லிகமெண்டும் நமக்கு ஜவ்வுதான். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் கிடக்கும் மெனிஸ்கஸும் ஜவ்வுதான். நான் தேடிப் படித்தது இரண்டாவதன் கதையை.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் அறுவை மருத்துவர் பிளாண்ட்-சட்டன், மெனிஸ்கஸ் என்பது வேலை ஏதுமற்ற பழைய தசை மிச்சம் என்று எழுதினார். அப்புறம் என்ன, அது கிழிந்தால் முழுசாக எடுத்துவிடுவதே வழக்கமாயிற்று. ஆட்டக்காரரும் சில மாதத்தில் மைதானத்துக்குத் திரும்பினார். யாருக்குச் சந்தேகம் வரும்? (எங்கள் தொழிலிலும் யாரும் பயன்படுத்தாத கோடு என்று அழித்துவிட்டு, வருஷக் கடைசியில் கணக்கு உதைக்கும்போது முழிப்போம்.)

1948இல் ஃபேர்பேங்க் என்ற மருத்துவர், அப்படி எடுக்கப்பட்ட முழங்கால்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்தார். எலும்பு ஓரத்தில் வரப்பு மாதிரி புடைப்பு, குறுகிய மூட்டு இடைவெளி, தட்டையான தொடை எலும்பு முனை. நிற்கும்போது மூட்டின் பாரத்தில் ஏறக்குறைய பாதியை மெனிஸ்கஸ்தான் தாங்குகிறது என்பது பின்னால் தெரிந்தது. ஆனாலும் முழுசாக எடுக்கிற பழக்கம் இன்னும் பல வருஷம் ஓடியது. காரணம் எளிது என்று நினைக்கிறேன்: நன்மை மூன்று மாதத்தில் தெரிகிறது, கேடு தெரிய 20 வருஷம் ஆகிறது. அதற்குள் ஆட்டக்காரர் ஓய்வுபெற்று வேறு டாக்டரிடம் போயிருப்பார்.

1962இல் டோக்கியோவில் வதனபே, சிறு துளை வழியாகக் கிழிந்த துண்டை மட்டும் எடுத்துக் காட்டினார். அதையும் ஃபின்லாந்தில் சோதித்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். தேய்மானத்தால் மெனிஸ்கஸ் கிழிந்த, 35 முதல் 65 வயதுக்குட்பட்ட 146 பேர். ஒரு பகுதியினருக்கு உண்மை அறுவை, மற்றவர்களுக்கு வெறும் பாவனை. ஒரு வருஷம் கழித்து வலியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆட்டத்தில் கிழிந்து காலை முழுசாக நீட்ட முடியாமல் பூட்டிக்கொள்ளும் இளைஞருக்கு இந்த முடிவு பொருந்தாது. அவருக்கு இப்போது முடிந்தவரை தைக்கவே பார்க்கிறார்கள்.

அறுவை நன்றாக நடந்தாலும் அடிபட்ட மூட்டுக்குத் தேய்மான ஆபத்து கூடுதல்தான். 2016இல் முழங்கால் அறுவைக்குப் பிறகும் பதக்கங்கள் வென்ற சாய்னா நேவால், 2024இல், 34 வயதில், தனக்கு மூட்டுவாதம் என்று சொன்னார்.

வெள்ளிக்கிழமை மதுரகாளியம்மன் கோயிலில், கீழே உட்கார முடியாமல் நின்றே கும்பிடும் பழைய ஆட்டக்காரர்கள் உண்டு. எடையைக் குறைப்பதும் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும் அவர்களுக்கு இன்றும் உதவும். ஆனால் டாக்டர் முதலில் கேட்பது, "எந்த ஜவ்வு? தைச்சாங்களா, எடுத்தாங்களா?" என்றுதான். நான் விசாரித்த வரைக்கும், பலரிடம் அந்த டிஸ்சார்ஜ் சீட்டே இல்லை.