ரமணாசிரமம் டூ ஸ்கந்தாசிரமம்: அண்ணாமலையார் மலையில் எதுவரை ஏறலாம்? எங்கே தடை?

திருவண்ணாமலை வரும் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. மலையைச் சுற்றலாம், சரி. மலை மேல ஏறலாமா? ஒரு பாதை திறந்திருக்கிறது, மற்றவற்றுக்குத் தடை. ஏன் இந்த வித்தியாசம்? பார்க்கலாம்.

கிரிவலப் பாதை வேறு, மலைப்பாதை வேறு

2,668 அடி உயர மலையைச் சுற்றி வரும் கிரிவலப் பாதை சுமார் 14 கி.மீ. இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை அஷ்ட லிங்கங்களைத் தரிசித்தபடி தார்ச்சாலையில் நடப்பது இது. ஏற்றம் அதிகம் கிடையாது. செங்கம் சாலையில் உள்ள ரமணாசிரமம் இந்தப் பாதையில்தான் வருகிறது.

மலைப்பாதை எங்கே போகிறது?

ஆசிரமத்தின் பின்பக்கம் தொடங்கும் கல் பாவிய பாதை, ஸ்கந்தாசிரமம் வரை ஏறுகிறது. 1896-ல் திருவண்ணாமலை வந்த ரமணர், 1899 முதல் 1916 வரை விருபாக்ஷி குகையிலும், பிறகு 1922 வரை ஸ்கந்தாசிரமத்திலும் வாழ்ந்தார். அங்கே ஒரு சுனையும் இருக்கிறது.

திரும்பும்போது வந்த வழியே இறங்க வேண்டியதில்லை. விருபாக்ஷி குகை வழியாக இறங்கினால் அண்ணாமலையார் கோயிலின் மேற்கே, பேகோபுரம் பக்கம் ஊருக்குள் வந்துவிடலாம். அங்கிருந்து செங்கம் சாலையைப் பிடித்தால் மறுபடி ரமணாசிரமம். சின்னதாக ஒரு சுற்று முடிந்துவிடும்.

அதுக்கு மேல ஏன் போகக் கூடாது?

மலை வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளது. உச்சிக்குச் செல்லவும், மலையடிவாரக் காட்டுக்குள் சுற்றி வரும் உள்வழிப் பாதைக்கும் அனுமதி இல்லை. கோடையில் காய்ந்த புல் சட்டெனத் தீப்பிடிக்கும். வழி தவறினால் தேடிக் கண்டுபிடிப்பதும் கஷ்டம். 'வழிகாட்டி' என்று வருபவர்களை நம்பித் தனியாகச் செல்வதும் ஆபத்து. 2025 மார்ச்சில் மலைக்கு அழைத்துச் செல்லப்பட்ட வெளிநாட்டுப் பெண் ஒருவர் அளித்த பாலியல் வன்கொடுமைப் புகாரில் வழிகாட்டி கைது செய்யப்பட்டார்.

2024-ல் என்ன நடந்தது?

ஃபெஞ்சல் புயல் மழையின்போது, டிசம்பர் 1-ம் தேதி வ.உ.சி. நகரில் மண்சரிந்து பாறை உருண்டு வீட்டின் மீது விழுந்ததில் 5 குழந்தைகள் உட்பட 7 பேர் உயிரிழந்தனர். சரிவுகளில் பாறைகளைப் பிடித்து நிறுத்துவது அவற்றைச் சுற்றியுள்ள மண்தான். தொடர்மழையில் மண் ஊறி இளகினால் அந்தப் பிடி விட்டுப்போகும். மழை நின்ற பிறகும் இந்த ஆபத்து உடனே நீங்குவதில்லை.

அதற்கு முன்பு வழக்கமாகக் கார்த்திகை தீபத்தன்று 2,500 பேருக்கு மலையேற அனுமதி கிடைத்து வந்தது. 2024 டிசம்பர் 13 தீபத்துக்கு பக்தர்கள் யாரும் அனுமதிக்கப்படவில்லை. கொப்பரை, நெய் கொண்டு செல்லும் குழுவினர் மட்டுமே ஏறினர்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியது

* அன்று பாதை திறந்திருக்கிறதா என ஆசிரம அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.
* காலையிலேயே கிளம்புங்கள், இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள்.
* குடிநீர் கையில் இருக்கட்டும். கற்பூரம், தீப்பெட்டி வேண்டாம்.
* கனமழை பெய்தாலும், பெய்து ஓய்ந்த அடுத்த சில நாட்களும் மலைப்பாதையைத் தவிர்த்து, கிரிவலத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.