டூம் விளையாட்டும் மாமாவின் பழைய கொம்பியூட்டரும்: ஒரு மூலநிரல் வரலாறு

பெரியகல்லாற்றில் எங்கட மாமா ஒரு கொமினிக்கேஷன் கடை வைத்திருந்தார். போட்டோகொப்பி, கலியாணக் கார்ட், கோயில் நோட்டீஸ், செத்தவீட்டுக்கு முப்பத்தோராம் நாள் மலர் என்று எல்லா வேலையும் ஒரு பென்டியம் 4 கொம்பியூட்டரில்தான் நடக்கும். பின்னேரம் ஆக்கள் குறைந்தால் மச்சானுக்கும் எனக்கும் அரைமணித்தியாலம் தருவார். அந்த அரைமணித்தியாலம் முழுக்க 'டேஞ்சரஸ் டேவ்'தான். சிவப்புத் தொப்பி போட்ட சின்ன மனிசன் கிண்ணத்தை எடுத்தால்தான் கதவு திறக்கும். டேவ் அலுத்தால் 'பிரின்ஸ் ஒஃப் பேர்சியா'. வாள் இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு ஒரு மாதம் போனது.

மறுகா எல்லார் கையிலும் போன் வந்தது, கடையும் மூடியாயிற்று. கொம்பியூட்டர் மாமாவின் வீட்டு மூலைக்குப் போனது. "விக்கவும் ஒண்ணா, எறியவும் மனமில்ல" என்பார்.

2022 எப்படிப் போனதென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. புது லப்டொப் என்ற கதைக்கே வீட்டில் இடமில்லை. அப்போதுதான் கம்பஸில் படித்த ஒரு அக்கா டெபியன் லினக்ஸை ஒரு சீடியில் எழுதித் தந்தா. "புள்ள, அந்தப் பழசுல இதப் போட்டுப் பாரு" என்றா. விண்டோஸ் எக்ஸ்பி எழும்பவே திணறிய அந்தப் பெட்டியில் லினக்ஸ் ஓடியது. நான் முதலில் தேடிப் போட்டது டேவ். சிரிக்காதீங்க.

இப்போது நான் வரலாறு படிக்கிறேன். எங்கள் பாடத்தில் அடிக்கடி கேட்கும் கேள்வி 'மூலம் எங்கே?' என்பது. ஒரு விளையாட்டுக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்று அந்தப் பெட்டிதான் எனக்குக் காட்டியது. தமிழில் வசதியாக ஒரு சொல்லும் இருக்கிறது: மூலநிரல். புரோகிராமர் எழுதிய, மனிதர் வாசிக்கக்கூடிய நிரல் அது. நாம் கடையில் வாங்கும் சீடியில் அது இருக்காது. இயந்திரத்துக்கு மட்டும் விளங்கும் வடிவம்தான் இருக்கும்.

டேவிலிருந்து டூம் வரை

டேவை எழுதியவர் ஜோன் ரொமேரோ. 1988இல் அப்பிள் கணினிக்காக எழுதினார், பிறகு அது டொஸ்ஸுக்கு வந்தது. இதே ரொமேரோ 1991இல் ஜோன் கார்மாக் முதலியவர்களோடு சேர்ந்து ஐடி சொஃப்ட்வெயார் நிறுவனத்தைத் தொடங்கினார். 1993 டிசம்பர் 10ஆம் திகதி அவர்கள் வெளியிட்டதுதான் 'டூம்'. துவக்கோடு நாமே நடந்து போவது போன்ற பார்வையில் ஆடும் விளையாட்டுகள் உலகம் முழுக்கப் பரவியது அதற்குப் பிறகுதான்.

அதே 1993இல் இன்னொரு பக்கம் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. பின்லாந்தில் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸ் கருவை எழுதி வெளியிட்டார். 1992இல் அதை ஜிபிஎல் உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். யாரும் பாவிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது மூலநிரலையும் அதே உரிமையோடு கொடுக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஆனால் கரு மட்டும் இருந்தால் கணினி ஓடாது. கருவோடு தேவையான மற்ற மென்பொருள்களையும் சேர்த்து, நிறுவக்கூடிய மாதிரிக் கட்டித் தருவதைத்தான் 'வழங்கல்' என்கிறோம். சிலக்வெயார், டெபியன் இரண்டும் 1993இல் தொடங்கிய வழங்கல்கள். இன்றும் இரண்டும் உயிரோடு இருக்கின்றன.

1994இல் ஐடி நிறுவனத்தில் இருந்த டேவ் டெய்லர் டூமை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். அந்த நேரம் லினக்ஸில் விளையாடுகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆக்கள்தான். வியாபாரமாகப் பார்த்தால் அது பெரிய விஷயமே இல்லை. மூன்று வருடம் கழித்துத்தான் அதன் பெறுமதி தெரிந்தது.

1997 டிசம்பர் 23ஆம் திகதி டூமின் மூலநிரல் பொதுவில் வெளியிடப்பட்டது. கோடிக்கணக்கான ஆக்கள் விளையாடியது டொஸ் பதிப்பு. வெளியிடப்பட்டதோ லினக்ஸ் பதிப்பின் நிரல். காரணம் எளிது. டொஸ் பதிப்பின் ஒலிப் பகுதி வேறொருவரிடம் உரிமம் வாங்கிச் சேர்த்தது. அதை வெளியிட ஐடிக்கு உரிமை இல்லை. லினக்ஸ் பதிப்பில் அந்தச் சிக்கல் இல்லை. ஆட்கள் அதிகம் பாவிக்காத பதிப்புத்தான் மிஞ்சுகிற மூலமாக வந்து நின்றது. ஏட்டுச்சுவடி படிப்பவர்களுக்கு இது புதினமாக இருக்காது. அரண்மனைப் பிரதி அழிந்து, ஏதோ ஒரு வீட்டுப் பரணில் கிடந்த பிரதி தப்பிய கதைகள் எங்களிடமும் உண்டு.

முதலில் அந்த நிரலை வியாபாரத்துக்குப் பாவிக்க முடியாதென்ற கட்டுப்பாடு இருந்தது. 1999இல் அது ஜிபிஎல்லுக்கு மாறியது. அதற்குப் பிறகு டூம் ஓடாத கருவி இல்லை என்கிற அளவுக்கு வந்துவிட்டது. எனக்குப் பிடித்தது 'சொக்லட் டூம்'. 1993இல் டூம் எப்படி நடந்ததோ, அதன் பிழைகளையும் சேர்த்து அப்படியே காப்பாற்றுவதுதான் அதன் நோக்கம். ஒரு சுவடியைப் பதிப்பிக்கும்போது எழுத்துப்பிழையைத் திருத்தாமல் விடும் பதிப்பாசிரியர் மாதிரி.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. திறக்கப்பட்டது நிரல் மட்டும். டூமின் படங்கள், ஒலிகள், மட்டங்கள் இன்னும் காப்புரிமைக்குள்தான். அதனால் தன்னார்வலர்கள் அந்த நிரலில் ஓடக்கூடிய படங்களையும் மட்டங்களையும் தாங்களே புதிதாக உருவாக்கினார்கள். 'ஃப்ரீடூம்' என்று பெயர். டெபியனில் ஒரு வரி கட்டளை கொடுத்தால் வந்து இறங்கிவிடும்.

லினக்ஸ் மட்டும் காப்பாற்றுமா?

இல்லை. இதற்கு லோக்கி நிறுவனத்தின் கதை சாட்சி. 1998இல் அமெரிக்காவில் தொடங்கிய லோக்கி சொஃப்ட்வெயார், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸுக்கு மாற்றி விற்றது. வாங்க ஆள் காணாது. 2002 ஜனவரியில் மூடிவிட்டார்கள். அவர்கள் விற்ற பெரும்பாலான விளையாட்டுகளின் மூலநிரல் பாவனையாளர் கையில் இல்லை. சுற்றியிருந்த லினக்ஸ் மாறிக்கொண்டே போனது. இன்று அந்தச் சீடிகளை ஒரு புதிய வழங்கலில் போட்டு ஓட்டுவது பெரும்பாடு. அதே விளையாட்டின் விண்டோஸ் பதிப்பை 1993இல் தொடங்கிய வைன் மென்பொருள் மூலம் லினக்ஸில் ஓட்டுவது பல நேரம் சுகம்!

லோக்கியின் இன்னொரு சொத்து தப்பியது. அங்கு வேலை செய்த சாம் லான்டிங்கா 1998இல் உருவாக்கிய எஸ்டிஎல் என்ற நிரல் நூலகம் அது. திரை, ஒலி, விசைப்பலகை எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் கையாள உதவும். அது திறந்த மூலநிரல். நிறுவனம் போய் இருபது வருடத்துக்கு மேல். எஸ்டிஎல் இன்றும் ஆயிரக்கணக்கான விளையாட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. பழைய டொஸ் விளையாட்டுகளை ஓட்டும் டொஸ்பொக்ஸ் (2002) அதைப் பாவிக்கிறது. நான் டேவ் விளையாடியதும் அதன் தயவில்தான்.

பிரின்ஸ் ஒஃப் பேர்சியாவின் கதை இன்னும் நெருக்கமானது. ஜோர்டன் மெக்னர் அதை 1989இல் அப்பிள் கணினிக்காக எழுதினார். அதன் மூலநிரல் தொலைந்துவிட்டதென்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தார். 2012இல் அவருடைய அப்பா வீட்டு அலுமாரியைத் துப்புரவாக்கும்போது ஒரு பெட்டி நிறையப் பழைய பிளொப்பிகள் கிடைத்தன. பழைய கணினிகள் தெரிந்த ஆக்கள் வந்து, அந்தப் பிளொப்பிகளை வாசித்து எடுத்தார்கள். அந்த வருடம் ஏப்ரலிலேயே மெக்னர் நிரலைப் பொதுவில் போட்டார். அலுமாரியை அப்பா திறக்காமல் விட்டிருந்தால்?

எங்கட பக்கம்

லினக்ஸ் எங்கட நாட்டுக்கு வந்த வரலாறும் சின்னதல்ல. 2004 ஒக்டோபரில் டெபியனை அடியாகக் கொண்டு உபுண்டு வந்தது. கேட்டவர்களுக்கு உலகம் முழுக்கச் சீடியைத் தபாலில் இலவசமாக அனுப்பினார்கள். 2011 வரை இது நடந்தது. இணையம் மெதுவாக இருந்த காலத்தில் அந்தச் சீடிதான் பலருக்கு முதல் லினக்ஸ். இலங்கையிலேயே ஃபெடோராவை அடியாகக் கொண்டு 'ஹந்தான' என்ற வழங்கல் வந்தது. கண்டிப் பக்கத்து மலைத்தொடரின் பெயர் அது. இன்னொரு பக்கம் தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, புலம்பெயர் நாடுகள் என்று சிதறிக் கிடந்த தமிழர்கள் கேடிஈ போன்ற திரை இடைமுகங்களை ஒவ்வொரு சொல்லாக, சம்பளமில்லாமல் தமிழாக்கினார்கள்.

எங்கட கரைக்கு மிக நெருக்கமானது 'சகன'. 2004 டிசம்பர் 26. பெரியகல்லாற்றுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. அலை வந்தபோது ஓடுவதற்கு எவ்வளவு தூரம் இருந்திருக்கும் என்று வரைபடத்தைப் பார்த்தாலே விளங்கும். நாடு முழுக்க 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த சில நாட்களில் கொழும்பில் இருந்த மென்பொருள் தன்னார்வலர்கள், காணாமற்போனவர்கள், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைப்படும் பொருட்கள் எல்லாவற்றையும் பதிய ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். சிங்களத்தில் 'சகன' என்றால் நிவாரணம். அதைத் திறந்த மூலநிரலாக விட்டதால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2010 ஹெய்டி நிலநடுக்கத்துக்கும் அதே மென்பொருள் போனது. டூமைக் காப்பாற்றிய அதே வழிதான் இங்கே சனத்தைத் தேடவும் உதவியது.

மாமாவின் ஹார்ட் டிஸ்க்

லினக்ஸ் போடுவதற்கு முதல் பழைய கோப்புகளை வேறு டிஸ்கில் எடுத்து வைத்திருந்தேன். 'மலர் 2005' என்றொரு கோப்பு. சுனாமியின் ஓராண்டு நினைவுக்கு எங்கட ஒழுங்கை ஆக்களுக்காக மாமா செய்து கொடுத்த சின்னப் புத்தகம். பெயர், வயது, பெற்றோர் பெயர், அவர்களைப் பற்றி வீட்டார் சொன்ன நாலு வரி.

பேஜ்மேக்கரில் செய்தது. பேஜ்மேக்கரைக் கம்பெனி எப்பவோ கைவிட்டுவிட்டது. அதன் கோப்பு வடிவம் எப்படி இருக்கும் என்று அவர்கள் வெளியில் சொல்லவும் இல்லை. 1993 டூம் என் முன்னால் ஓடுகிறது. 2005இல் எங்கட ஊரில் எழுதிய பெயர்கள் திறக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது.

பிறகு தெரிந்தது, 2015 ஜனவரியில் வந்த லிப்ரெஓபிஸ் 4.4இலிருந்து பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும் வசதி இருக்கிறதென்று. யாரோ தன்னார்வலர்கள் அந்த மூடிய வடிவத்தைத் துருவித் துருவிப் பார்த்து எழுதிய நிரல். திறந்து பார்த்தேன். பெட்டிகள் இடம் மாறிக் கிடந்தன. எழுத்தெல்லாம் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தது. அது குப்பையல்ல, பாமினி. எங்கட நாட்டில் வருடக்கணக்காக எல்லாக் கடையிலும் பாவித்த எழுத்துரு. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்திருப்பார்கள். எழுத்துரு இல்லாவிட்டால் தமிழும் இல்லை. சுரதாவின் 'பொங்குதமிழ்' மாற்றியில் ஒவ்வொரு பந்தியாகப் போட்டு யூனிகோடுக்கு மாற்றினேன். இரண்டு இரவு. கரண்ட் இருந்த நேரம் மட்டும்.

மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாலாவது பெயரில் "நிப்பாட்டு புள்ள" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ம், வாசி" என்றார்.

கடைசியாக

2025 ஒக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத கணினிகள் எங்கட வீடுகளில் நிறைய. எறியாதீங்க. லினக்ஸ் மின்ட், லுபுண்டு, டெபியன் என்று ஏதாவதொன்றைப் போட்டுப் பாருங்கள். பிள்ளைகள் ஃப்ரீடூம் விளையாடட்டும். ஆனால் போட முதல், உள்ளே இருக்கிற கோப்புகளை எடுத்து வையுங்கள். லினக்ஸ் ஏற்றும்போது ஹார்ட் டிஸ்க் அழிந்தால் திரும்பி வராது.

எங்கட ஊர்களின் 1995 தொடக்கம் 2010 வரையான எழுத்து பெரும்பாலும் இப்படியான கொமினிக்கேஷன் கடைகளில்தான் கிடக்கிறது: மலர்கள், கல்வெட்டுகள், கும்பாபிஷேக மலர்கள், பாடசாலைச் சஞ்சிகைகள். எல்லாம் பாமினி, எல்லாம் பேஜ்மேக்கர். உங்கள் ஊரில் மூடின கடை இருந்தால் ஒருக்கா போய்க் கேளுங்கள். கிடைத்ததை யூனிகோடுக்கு மாற்றி, யாரும் திறக்கக்கூடிய வடிவத்தில் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள்.

மாமாவின் மலரில் இரண்டு பக்கம் இன்னும் வெறுமையாகத்தான் வருகிறது. அச்சுப் பிரதி ஒன்று ஒழுங்கையில் யார் வீட்டிலோ இருக்கும் என்கிறார். தேடிக்கொண்டிருக்கிறேன்.